படம் எடுக்கமுன் கேட்கப்படும் கேள்வி

பாரிசவாதம் வந்த ஒருவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றதும் வைத்தியர் முதலில் கேட்பது, "இவர் கடைசியாக நல்லாய் இருந்தது எத்தனை மணிக்கு?" என்பதுதான். எமது ஆட்களில் பலர் இதற்கு நேரான விடை சொல்வதில்லை. "விடியப் பாத்தம், கை விளங்கேல்லை" என்பார்கள். வைத்தியருக்கு வேண்டியது நாம் கண்ட நேரம் அன்று. இரவு படுக்கும்போது ஒழுங்காகக் கதைத்தாரா, நடுச்சாமத்தில் எழும்பி வெளியே போய் வந்தாரா என்பதே. அந்த நேரத்தில் இருந்துதான் அவர் கணக்குப் பார்க்கிறார்.

ஏன் இந்தக் கணக்கு? வாய்க்கால் அடைபட்டு வயல் காய்வதும் குளக்கட்டு உடைத்து வயல் அள்ளுண்டு போவதும் ஒன்றல்ல என்பது எமக்குத் தெரியும். மூளையிலும் அப்படித்தான். இரத்தக் குழாய் கட்டியால் அடைபடுவது ஒரு வகை. அதுவே கூடுதலாக வருவது. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றையது. வெளியே இரண்டும் ஒரே கோலத்தில் வரலாம்: வாய் கோணும், கை விழும், பேச்சுக் குழறும். ஆனால் வைத்தியம் நேர் எதிர். அடைப்பானால் பொருத்தமான நோயாளிக்கு நாலரை மணித்தியாலத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். கசிவு உள்ளவருக்கு அதைப் போட்டால் உயிருக்கே ஆபத்து.

கட்டிலருகே நின்று பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாதா என்று வைத்தியர்கள் முயலாமல் இல்லை. தாய்லாந்தின் சிறிராஜ் வைத்தியசாலை வைத்தியர்கள் 1991 இல் ஒரு புள்ளிக் கணக்கை வெளியிட்டார்கள். நினைவு மயங்கியதா, சத்தி எடுத்தாரா, தலையிடி இருந்ததா, பிரஷரின் கீழ் எண் எவ்வளவு, சலரோகமோ இருதய வருத்தமோ உண்டா என்பவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும் முறை அது. ஸ்கான் வசதி இல்லாத ஊர்களை நினைத்துச் செய்த நல்ல வேலை. ஆயினும் பிற நாடுகளில் சோதித்தபோது, அதை மட்டும் நம்பி மருந்து தொடங்க முடியாத அளவுக்குப் பிழைகள் வந்தன. ஆகவேதான் சி.ரி. ஸ்கான் தேவைப்படுகின்றது. புதிதாகக் கசிந்த இரத்தம் அதில் உடனே வெள்ளையாகத் தெரியும்.

எமது மக்கள் ஏமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. அடைப்பினால் வந்த பாரிசவாதத்தில் முதல் சில மணித்தியாலங்களில் சி.ரி. படம் பழுதில்லாதது போலவே இருக்கலாம். "ஸ்கானில ஒண்டும் இல்லையாம்" என்று சொல்லி ஆளைத் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போக நிற்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றும் இல்லை என்பதன் பொருள் இரத்தக் கசிவு இல்லை என்பது மட்டுமே. எம்.ஆர்.ஐ. படம் அடைப்பை முந்திக் காட்டும். ஆனால் அது எல்லா இடத்திலும் இல்லை, எடுக்க நேரமும் கூடும். அதனால்தான் படத்தைவிட, கையைத் தூக்கச் சொல்லி, பல்லைக் காட்டச் சொல்லி, பெயரைக் கேட்டு வைத்தியர் செய்யும் சோதனைக்கு நான் முதலிடம் கொடுப்பேன். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சீனி பார்ப்பதும் அதில் அடங்கும். சலரோகக் குளிசை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தவருக்குச் சீனி இறங்கினாலும் ஒரு பக்கம் விழலாம். அதற்கு ஸ்கான் அல்ல, குளுக்கோஸே மருந்து.

ஸ்கான் இயந்திரம் வேண்டும் என்று மகஜர் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும். ஆனால் இயந்திரம் உள்ள ஊரிலும் அந்த நாலரை மணித்தியாலம் எண்ணெய் பூசுவதிலும், "காத்துப் பட்டது" என்று பார்வை பார்ப்பதிலும், விடியட்டும் என்று காத்திருப்பதிலும் கரைந்து போகின்றதே! மாரடைப்புக்குக் கொடுப்பது போல அஸ்பிரின் கொடுப்பவர்களும் உண்டு. கசிவா அடைப்பா என்று தெரியாமல் அதைக் கொடுக்கக்கூடாது. விழுங்க முடிகிறதா என்று வைத்தியசாலையில் பார்க்கும்வரை தண்ணீர், தேத்தண்ணீர்கூட வேண்டாம். புரையேறி நெஞ்சில் சளி கட்டிவிடும்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இன்னொரு சங்கடம். ஓடும்போது அடையாள அட்டையையும் காணி உறுதியையும் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்தோம். கிளினிக் கொப்பியை விட்டுவிட்டோம். புதிய இடத்தில் பிரஷர் குளிசை மாதக்கணக்கில் நின்றுபோனது. பாரிசவாதத்துக்கு உயர் பிரஷரைப் போல வேறொரு காரணம் இல்லை. கொப்பி இருந்தால் வைத்தியருக்கும் வேலை இலகு: இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவர் என்றால் அந்த ஊசி போடுவதற்குத் தடையாகலாம். உறுதி வைத்திருக்கும் பையிலேயே அந்தக் கொப்பியும் இருக்கட்டும்.

2016 இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸை 1990 என்ற இலக்கத்தில் பணமின்றி அழைக்கலாம். ஆனால் எமது குடியிருப்புகளில் பலவற்றுக்கு ஒழுங்கான விலாசம் இல்லை. இரவில் ஒழுங்கையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. எந்த ஆஸ்பத்திரியில் இரவிலும் ஸ்கான் எடுக்கிறார்கள், எந்தச் சந்தியில் யார் ரோச் லைற்றுடன் நிற்பது, அம்புலன்ஸ் வரப் பிந்தினால் யாருடைய ஓட்டோ என்பதைப் பங்குச் சபைகளும் கமக்காரர் அமைப்புகளும் இந்தப் போகம் விதைப்பு முடிந்ததும் ஒருநாள் கூடிப் பேசினால் என்ன?