முந்தியது எது?

ஆங்கில இலக்கணத்தில் நம் மாணவரைப் பெரிதும் மருட்டுவது, ‘ஹாட்’ என்னுஞ் சொல்லோடு வரும் பூரண இறந்தகாலம். அது தமிழில் இல்லாததொன்றென எண்ணி நெட்டுருச் செய்கின்றனர். தமிழ் கற்பிக்கும் எமக்கு அவ்வெண்ணம் பொருத்தமாகத் தோன்றவில்லை.

ஓர்ஸ் ஹில்லை அடுத்துள்ள நம் துறைமுகத்தையே சான்றாகக் கொள்வோம். 1942 ஏப்ரல் 9ஆம் நாட் காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. ‘ஹேர்மீஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பல் முதனாளே துறைமுகத்தை நீங்கியிருந்தது. எனினும் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. ‘விமானங்கள் வந்தபோது கப்பல் நீங்கியது’ எனின் இரண்டும் ஒரே வேளையில் நிகழ்ந்தனவாகும். ‘நீங்கியிருந்தது’ எனின் கப்பல் முந்திற்று. ஒரு துணைவினையால் வரலாறே வேறுபடுகின்றது. ஆங்கிலத்தில் ‘ஹாட் லெஃப்ட்’ ஆற்றும் பணியும் இஃதே.

ஆயினும் ஓரிடத்தில் இருமொழியும் பிரியும். ‘நேற்று மாமா வந்திருந்தார்’ என்போம். வந்து போயினார் என்பதே கருத்து. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘ஹாட் கம்’ என எழுதுதல் பொருந்தாது. ‘கேம்’ என்பதே அமையும். பின்னிகழ்ந்த வேறொரு செயல் கருத்தில் இருந்தாலன்றி ‘ஹாட்’ வேண்டா.

ஆதலின், வாய்பாட்டை ஒப்புவிக்கச் செய்யுமுன், நாடோறும் இரு நிகழ்ச்சிகளைத் தந்து, ‘முந்தியது எது?’ என மாணவரை வினவுதல் வேண்டும். விடையை முதலில் தமிழிலும் பின்னர் ஆங்கிலத்திலும் எழுதுவிக்க வேண்டும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இதில் கைகோத்தல் நன்று. தாய்மொழியிற் காலந் தெளிந்த மாணவன் பிறமொழியில் எளிதிற் தடுமாறான்.