காலமறிந்து விழட்டும் பொறி!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

காலமறிதலுக்கு வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். பழைய அம்பாசிடர் காரின் எஞ்சினுக்கும் அது பொருந்தும்.

மேடேறும்போது எஞ்சின் 'டக டக'வென நாக்கிங் அடித்தால் பலரும் பெட்ரோலையே பழிக்கிறார்கள். பொறி விழும் நேரத்தையும் பார்க்க வேண்டாமா? திரியில் வைத்த நெருப்பு வெடியைச் சேர நேரமாகும் என்பதைத் திருத்தங்கல்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலிண்டருக்குள்ளும் கலவை எரிந்து முடிய நேரமாகும். ஆகவே பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பொறி விழுகிறது. அளவுக்கு மீறி முந்தினால், எரியாத மிச்சக் கலவை அழுத்தமும் வெப்பமும் தாங்காமல் தானே வெடிக்கும். அதுவே அந்த ஓசை. தொடர்ந்தால் பிஸ்டன் ஓட்டையாகும்.

நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு டிகிரி என்பது நொடியில் 18,000-இல் ஒரு பங்கு! பட்டறை அண்ணன் பாயிண்ட் இடைவெளியைச் சரிசெய்தபின், ரோட்டர் சுழலும் திசையிலேயே டிஸ்ட்ரிபியூட்டரை இம்மியளவு திருப்பிப் பொறியைத் தாமதப்படுத்துகிறார். மிகுதியாகத் திருப்பினால் இழுவை குறையும், எஞ்சின் சூடேறும்.

அவருக்கு ஓசை தெரியும். காரணத்தை எவரும் சொல்லவில்லை. நமக்குப் பாடநூல் வரைபடம் தெரியும், ஓசை தெரியாது. என் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஸ்பானர் பிடித்த கையைவிடப் பேனா பிடித்த கை உயர்ந்ததென்று என்னால் ஒப்ப இயலாது.

அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. இன்றைய கார்களில் கணினியே நேரம் பார்க்கிறது என்பீர்கள். அக்கணினிக்கும் கற்பித்தவன் மனிதனே! நம் ஆய்வுக்கூடத்திற்கு ஒரு பழைய எஞ்சின் வரட்டும். பட்டறை அண்ணனும் ஆசிரியராக வரட்டும்.