மினுக்கத்துக்கு விலை கொடுக்காதீர்கள்



ஊரில் பழைய காசு வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் இது கொஞ்சம் கசக்கும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

பாடசாலை வரலாற்றுக் கண்காட்சிக்காக ஆசிரியர்கள் நாங்கள் ஐந்து பேர் பணம் சேர்த்து, விக்டோரியா மகாராணி காலத்து வெள்ளி ரூபா ஒன்று வாங்கினோம். அன்றைய இந்திய ரூபாதான் இலங்கையிலும் புழங்கியது என்று பிள்ளைகளுக்குக் காட்ட நினைத்தோம். "டொப் கொண்டிஷன்" என்றார் விற்றவர். வட்ஸ்அப்பில் வந்த படத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. 18,000 ரூபா கொடுத்தோம்.

கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. காசு முழுக்க ஒரே திசையில் மெல்லிய கீறல்கள். விளிம்பில் பற்றவைத்த தழும்பு. ஒரு காலத்தில் யாரோ ஒரு மூத்தம்மாவின் மாலையில் தொங்கிய காசு அது. வளையத்தைக் கழற்றி, அராவி, பொலிஷ் போட்டு நம்மிடம் தள்ளியிருக்கிறார். திருப்பிக் கேட்டோம். "பார்த்துத்தானே வாங்கினீங்க சேர்" என்றார்.

அவர் செய்தது மோசடி. அதில் சந்தேகமில்லை. ஆனால் நாங்கள் பார்த்தது எதை? மினுக்கத்தை மட்டும்தான். படித்த ஐந்து பேரில் ஒருவருக்காவது விளிம்பைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தோன்றவில்லை.

காசின் தரம் என்பது அதன் பளபளப்பு அல்ல. அச்சடித்த நாளில் இருந்த வேலைப்பாட்டில் இன்று எவ்வளவு மிச்சம் என்பதுதான் தரம். உயர்ந்து நிற்கும் இடங்கள் முதலில் தேயும். விக்டோரியா ரூபாவில் கன்னம், காதுக்கு மேலுள்ள முடி, சட்டையின் பூவேலை ஆகியவற்றைப் பாருங்கள். முடி இழை இழையாகத் தெரிகிறதா, வழுவழுவென்று ஒரே கட்டியாகிவிட்டதா? பூவேலை அழிந்திருந்தால், எவ்வளவு மின்னினாலும் அது தேய்ந்த காசுதான்.

சேகரிப்பாளர்கள் 1 முதல் 70 வரை புள்ளி போடுகிறார்கள். அதில் 'குட்' என்பது வெறும் 4. உருவத்தின் வெளிக்கோடு மட்டும் மிஞ்சிய காசு அது. 'வெரி ஃபைன்' 20இல் தொடங்குகிறது. புழக்கத்துக்கே போகாத காசுக்குத்தான் 60க்கு மேல். விலைப்பட்டியலில் ஒரே காசுக்குத் தரத்துக்கொரு விலை இருக்கும். நம்மவர்கள் செய்வது என்ன? கடைசிக் கட்டத்து விலையைக் காட்டி, முதல் கட்டத்துக் காசை விற்பது!

"பழசு என்றால் பெறுமதிதானே" என்பார்கள். 1,600 வருடம் பழமையான ரோமச் செப்புக் காசுகள் நம் நாட்டு மண்ணில் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. வயது மட்டும் விலையாகிவிடாது.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. உம்மாவின் பெட்டியில் கிடைத்த செப்புச் சதத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தப் பழுப்பு நிறம் அழுக்கல்ல, அதன் வயது. தேய்த்தால் சேகரிப்பாளர் கண்ணில் அதன் பெறுமதி போய்விடும். பிறகு எந்தக் கழுவலாலும் அது திரும்பாது.

நனைந்த தானியத்தை அடியில் வைத்திருந்த வியாபாரியிடம், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதை ஜும்ஆவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! தழும்பை மறைக்கும் பொலிஷ் மட்டும் வேறா?

ஆகவே விற்கிற சகோதரர்களே, இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் படமெடுத்துப் போடுங்கள். கழுவியதா, வளையம் பற்றவைத்ததா என்று எழுதுங்கள். சொல்லாத குறை தெரியவந்தால் திருப்பி எடுங்கள்.

வாங்குகிறவர்களே, சாய்த்துப் பாருங்கள், நிறுத்துப் பாருங்கள். நல்ல வெள்ளி ரூபா 11.66 கிராம் இருக்க வேண்டும். தேய்ந்தது சற்றுக் குறையும், அதிகம் குறைந்தால் விட்டுவிடுங்கள். கேள்வி கேட்டால் கோபப்படுகிறவரிடம் வாங்கவே வேண்டாம்.

அந்தக் காசைக் கண்காட்சியில் வைக்கத்தான் போகிறோம். தழும்பு தெரியும்படி, பூதக்கண்ணாடியோடு. எங்களிடம் இல்லாத கண் பிள்ளைகளுக்காவது வரட்டும்.