ஒரு கட்டு விறகுதானே சார்?

கலிபோர்னியாவில் இருக்கும் என் மாணவர்களுக்கும் உறவுப் பிள்ளைகளுக்கும் இது. மற்றவர்களும் படியுங்கள். கொஞ்சம் காட்டமாகத்தான் எழுதுகிறேன்.

கோடை வந்தால் கூடாரம் போட மலைக்குப் போகிறீர்கள். சந்தோஷம். ஆனால் வீட்டுக் கொல்லையில் பட்டுப்போன ஓக் மரத்தை வெட்டி, அந்த விறகைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிறீர்களே, அது சரியில்லை. குழுவில் இதைச் சொன்னதும் ஒருவர், "ஒரு கட்டு விறகுதானே சார்?" என்றார். இன்னொருவர், "அதற்குத்தான் பொறி கட்டியிருக்கிறார்களே, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்றார். இரண்டு பேருக்கும் பதில் சொல்கிறேன்.

தங்கப்புள்ளி ஓக் துளைப்பான் என்று ஒரு வண்டு. சுமார் 10 மில்லிமீட்டர் நீளம். அரிசோனாவின் தென்கிழக்கைச் சேர்ந்தது. சான் டியாகோ கவுண்டியில் 2004-இல் பொறியில் அகப்பட்டது. அங்கே ஓக் மரங்கள் சாவதற்கு இதுவே காரணம் என்று புரிய 2008 ஆகிவிட்டது. பிறகு 2012-இல் இடில்வைல்டு, 2014-இல் ஆரஞ்ச் கவுண்டி, 2015-இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி. நடுவில் இருக்கும் ஊர்களை விட்டுவிட்டு இப்படித் தாவ அந்தச் சின்னச் சிறகால் முடியுமா? விறகோடு, வண்டியில் போயிருக்கிறது. ஆய்வாளர்கள் சொல்வதும் அதுதான். ஒவ்வொரு தாவலுக்கும் யாரோ ஒருவருடைய "ஒரு கட்டு விறகு" போதும்.

இனி பொறி. நம் ஊர்த் தென்னந்தோப்பில் சிவப்புக் கூன்வண்டுக்கு வாசனை வைத்து வாளிப்பொறி கட்டுகிறோம். வண்டு தேடி வந்து விழுகிறது. இந்த ஓக் வண்டுக்கு அப்படி நம்பத்தக்க வாசனை கைவசம் இல்லை. ஊதா நிற ஒட்டுப்பொறியைத் தொங்கவிடுகிறார்கள். அந்தப் பக்கம் பறந்தது ஒட்டிக்கொள்ளும். வண்டு இருக்கிறது என்று பொறி சொல்லும். மரத்தைக் காப்பாற்றாது. பொறி காலியாக இருந்தால் வண்டு இல்லை என்றும் அர்த்தமில்லை.

அதனால்தான் கணக்கெடுப்பவர்கள் மரம் மரமாக அடிமரத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். ஆங்கில 'டி' எழுத்து வடிவில் 3 மில்லிமீட்டர் அளவுத் துளை, பட்டையில் கறுத்த கசிவு, மரங்கொத்தி கொத்திய தடம், மெலிந்துபோன உச்சி. புழு பட்டைக்கு அடியில் தின்று மரத்தின் நீரையும் உணவையும் அறுக்கிறது. வெளியில் துளை தெரியும்போது வண்டு பறந்துபோயிருக்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

இதுவரை பல்லாயிரம் ஓக் மரங்கள் செத்திருக்கின்றன. குமெயாய் பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக அந்த ஓக் கொட்டையை இடித்துக் கூழ் காய்ச்சிச் சாப்பிட்டவர்கள். அவர்களுக்கு ஓக், நமக்குப் பனை மாதிரி. பிழைக்கப் போன ஊரின் பனையை நாம் சாய்க்கலாமா?

விறகை எரிக்கும் ஊரிலேயே வாங்குங்கள். வெட்டிய ஓக்கை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகாதீர்கள், யாருக்கும் கொடுத்தும் அனுப்பாதீர்கள். வீட்டு ஓக்கின் அடிமரத்தை இந்த வாரமே பாருங்கள். 'டி' துளை தெரிந்தால் படம் எடுத்து கவுண்டி வேளாண் அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

அரசாங்கம் பொறி கட்டும். உங்கள் கார் டிக்கியை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.