எம்டனில் ஏறாத அதிகாரி

1914 செப்டம்பர் 22 இரவு. சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளை ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் எரித்தது. பேரே தமிழில் பலே கில்லாடிகளுக்குப் பட்டமாகிவிட்டது. குண்டு போட்ட அதிகாரிகளில் திருவனந்தபுரத்துச் செண்பகராமன் பிள்ளையும் ஒருவர் என்பது தமிழகத்தின் செல்லக் கதை.

தேதிகள்தான் இடிக்கின்றன. சீனாவின் சிங்தாவோ துறைமுகத்தை விட்டு எம்டன் ஜூலை 31 அன்றே கிளம்பிவிட்டது. பிள்ளையோ அப்போது ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச்சில். அங்கிருந்து பெர்லினுக்கு மாறியதே அக்டோபரில்தான். நடுக்கடலில் ஏறியிருக்க அவர் என்ன கடற்பறவையா? ஹோஹென்ஸாலர்ன் இளவரசர் ஃபிரான்ஸ் ஜோசப் அதிகாரியாக இருந்தது பதிவாகியிருக்கிறது. பிள்ளை பெயர் இல்லை.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே எம்டனின் கதை முடிந்தது. பிள்ளையின் வேலை அப்போதுதான் சூடுபிடித்தது: பெர்லினில் இந்திய விடுதலைக் குழு. 1934இல் அங்கேயே இறந்தார். மேடைகளில் அதற்குக் கைதட்டல் குறைவு.