மாலை போட்டால் மட்டும் எப்படி?

ஜனவரி முதல் வாரத்தில் மட்டும் காலை வாக்கிங் போகாதீர்கள். இடம் கிடைக்காது. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஆறு மணிக்கு நுழைந்தால் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெரு மாதிரி இருக்கும். எல்லாம் புது ஷூ, புது டிராக் பேண்ட். ஒருவர் பேண்ட்டில் விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். கையில் எத்தனை அடி நடந்தோம் என்று எண்ணுகிற வாட்ச். அத்தனை பேர் முகத்திலும் எல்லைக்குக் காவலுக்குப் போகிற கடுமை. பொங்கல் வரை பொறுமையாக இருங்கள். கரும்பு சாப்பிட்டு முடித்தபின் அதே பூங்காவுக்குப் போனால் ரிடையரான பெரியவர்கள் நாலு பேர், இரண்டு நாய், நீங்கள். பெஞ்சில் படுக்கவே இடம் இருக்கும்.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. ஜான் நார்கிராஸ் என்கிற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர், புத்தாண்டு சபதம் எடுத்த 200 பேரை விடாமல் இரண்டு வருஷம் விசாரித்து 1980-களின் கடைசியில் கணக்கு வெளியிட்டார். முதல் வாரம் தாக்குப்பிடித்தவர்கள் 77 சதவிகிதம். இரண்டு வருஷம் கழித்தும் சொன்ன சொல்லில் நின்றவர்கள் 19 சதவிகிதம். 'பார்த்தீர்களா, சபதமே வேஸ்ட்' என்று சொல்ல எல்லா ஆபீஸிலும் ஒரு ஞானி இருப்பார். அவரை நம்பாதீர்கள். அதே நார்கிராஸ் 2002-ல் இன்னொரு கணக்கும் சொன்னார். மாற வேண்டும் என்று ஆசை இருக்கிறவர்களில் சபதம் எடுத்தவர்கள் ஆறு மாதத்தில் 46 சதவிகிதம் தேறினார்கள். சபதம் எடுக்காமல் 'பாத்துக்கலாம்' என்று இருந்தவர்கள் 4 சதவிகிதம். நம் ஞானி அந்த மீதி 96-ல் இருக்கிறார்.

சபதம் எடுத்துவிட்டு அதில் ஓட்டை தேடுவதும் புதுசு இல்லை. லண்டனில் கடற்படை ஆபீஸில் குமாஸ்தாவாக, நம்மைப் போலவே ஃபைல் பார்த்துக்கொண்டிருந்த சாமுவேல் பீப்ஸ் என்பவர் ஒரு டைரி எழுதினார். உலகப் புகழ் பெற்ற டைரி. 1661 டிசம்பர் 31-ம் தேதி, இனி நாடகமும் ஒயினும் கிடையாது என்று சத்தியம் செய்ததாக எழுதி வைத்திருக்கிறார். 1663 அக்டோபரில் லண்டன் மேயர் விருந்து. அங்கே ஹிப்போக்ராஸ் என்று ஒரு பானம் கொடுத்தார்கள். ஒயினில் மசாலாவும் சர்க்கரையும் போட்டது. மனுஷர் குடித்துவிட்டு, இது கலவை பானம்தானே, ஒயின் ஆகாது என்று டைரியில் தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டார். 'பீர் எல்லாம் தண்ணியில சேத்தியா மச்சான்' என்கிற வாதத்துக்கு முன்னூற்றைம்பது வருஷ பாரம்பரியம் உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன்.

என் பக்கத்து சீட் நண்பர் ஒரு நாளைக்கு எட்டு சிகரெட் பிடித்தவர். வருஷத்துக்கு 2,920. (லீப் வருஷத்தில் எட்டு கூடுதல்.) அவருடைய அப்பா 51 வயதில் மாரடைப்பில் போனவர். நண்பருக்கு வயது 43. வீட்டில் மனைவி முன்பெல்லாம் திட்டுவாராம். 'இப்ப திட்டறதையே நிறுத்திட்டா சார். அதான் பயமா இருக்கு' என்றார் ஒரு நாள், ஃபைலிலிருந்து தலையை எடுக்காமல்.

அவரும் ஒவ்வொரு ஜனவரி 1-ம் தேதியும் சிகரெட்டை விடுவார். மூன்றாம் தேதி சாயந்திரம் கணினி ஹேங் ஆகும். அல்லது மேலதிகாரி ஏதாவது சொல்வார். அத்துடன் சரி. ஒரே ஒரு வருஷம் 9-ம் தேதி வரை போனது. அந்த வருஷம் அவருக்கு டைஃபாய்டு.

இதே மனுஷர் கார்த்திகை 1-ம் தேதி மாலை போட்டுக்கொள்வார். அய்யப்பன் மாலை. 41 நாள். விடிகாலை நாலரைக்குப் பச்சைத் தண்ணீரில் குளியல், சாயந்திரம் இன்னொரு குளியல். நவம்பர் மழையில் முழங்கால் தண்ணீரில் வெறுங்காலோடு ஆபீஸ் வருவார். பாயில் படுக்கை. அசைவம் கிடையாது. சிகரெட்? ஒன்றுகூட இல்லை. 'ஞாபகமே வரலை சார்' என்பார். ஆறு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், பொய் இல்லை.

இதில்தான் வேடிக்கை. மண்டல பூஜை முடிந்து டிசம்பர் 29 வாக்கில் மலையிலிருந்து திரும்புவார். குருசாமி மாலையைக் கழட்டுவார். 30-ம் தேதி காலை பதினொரு மணிக்கு டீக்கடை. (அந்தக் காலத்தில் கடை ஓரத்தில் புகைந்துகொண்டிருந்த தேங்காய் நார்க் கயிறு போய், இப்போது நூலில் கட்டின லைட்டர் தொங்குகிறது.) 31-ம் தேதி ராத்திரி போன் பண்ணி, 'சார், நாளையிலேர்ந்து விட்டுடலாம்னு இருக்கேன்' என்பார்.

நாற்பத்தோரு நாள் விட்டாயிற்று. ஒரே ஒரு நாள் பிடித்துவிட்டு, மறுபடி விடப் போகிறாராம்!

ஒரு தடவை நேராகவே கேட்டுவிட்டேன். 'மாலை போட்டா மட்டும் எப்படிங்க முடியுது?'

'அது சாமி விஷயம் சார்' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாத்திகனைப் பார்க்கிற பார்வை.

சாமி விஷயம்தான், மறுக்கவில்லை. ரம்ஜான் மாதம் பகல் முழுக்கத் தண்ணீர்கூடத் தொடாமல் பேலன்ஸ் ஷீட் போடுகிற நண்பரும், தவக்காலத்தில் நாற்பது நாள் பிரியாணியை மறக்கிற நண்பரும் எங்கள் செக்‌ஷனிலேயே உண்டு. பக்தி பெரிய பலம். ஆனால் சாமி ஜனவரியிலும் இருக்கிறாரே! அவர் அதே இடத்தில்தான் இருக்கிறார். மாறுவது சாமியைச் சுற்றி இருக்கிற ஏற்பாடு.

மாலை போட்டவர் டீக்கடைக்குப் போனால் மாஸ்டர் சிகரெட் டப்பா பக்கம் கையையே கொண்டுபோக மாட்டார். 'வாங்க சாமி, பாலா, சுக்குக் காபியா?' வருஷம் பூரா 'யோவ்' என்று கூப்பிடுகிற மேலதிகாரி அந்த 41 நாள் 'சாமி, அந்த ஸ்டேட்மென்ட் ரெடியா?' என்பார். 'ஒரு தம் போடலாமா' என்று கூப்பிடுகிற சகா கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். வீட்டில் சமையல் மாறுகிறது. எழுந்திருக்கிற நேரமும், உடுத்துகிற வேட்டியின் நிறமும்கூட மாறுகிறது. என்ன செய்யலாம், என்ன கூடாது என்று ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விதி இருக்கிறது. முடிகிற தேதியும் தெரிகிறது. இவ்வளவையும் மீறி ஒரு சிகரெட் கேட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். பிடிக்காமல் இருப்பதுதான் அங்கே சுலபம்.

ஜனவரி 1-ல் என்ன இருக்கிறது? பழைய டீக்கடை, பழைய மேலதிகாரி, பழைய பதினொரு மணி. கூட ஒரு புது டைரி.

இதை நான் சும்மா அளக்கவில்லை. 2002-ல் பிரிட்டனில் மில்ன், ஆர்பெல், ஷீரன் என்று மூன்று ஆராய்ச்சியாளர்கள் 248 மாணவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். அடுத்த ஒரு வாரத்தில் ஒரு தடவையாவது இருபது நிமிஷம் நன்றாக உடற்பயிற்சி செய்ய வேண்டும், அவ்வளவுதான். சும்மா விட்ட முதல் கூட்டத்தில் செய்தவர்கள் 38 சதவிகிதம். இரண்டாவது கூட்டத்துக்கு, உடற்பயிற்சியால் இதயத்துக்கு என்ன நன்மை என்று உற்சாகமூட்டும் சமாசாரம் படிக்கக் கொடுத்தார்கள். செய்தவர்கள் 35! (பர்சனாலிட்டி டெவலப்மென்ட் வகுப்புக்குக் காசு கட்டியவர்கள் மன்னிக்கவும்.) மூன்றாவது கூட்டத்திடம் கூடுதலாக ஒரே ஒரு வேலை சொன்னார்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வாய் என்று ஒரு வரி எழுதிக் கொடு. அதில் செய்தவர்கள் 91 சதவிகிதம்.

ஆகவே 'இந்த வருஷம் உடம்பைக் குறைப்பேன்' என்பதெல்லாம் தேர்தல் அறிக்கை. 'செவ்வாயும் வியாழனும் ஆபீஸ் விட்டதும் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே இறங்கி வீட்டுக்கு நடப்பேன்' என்றால் ஏதோ நடக்கும். 'மிச்சம் பிடிப்பேன்' என்றால் மிஞ்சாது. சம்பளம் கிரெடிட் ஆன மறுநாளே பேங்க் தானாகப் பிடித்துக்கொள்கிற மாதிரி ஒரு ஆர்.டி. போட்டுவிட்டால் மிஞ்சும்.

நண்பர் கதையில் இன்னொரு சங்கதி. சிகரெட்டை விட்டால் முதல் சில நாள்தான் உடம்பு படுத்தும். தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நாலு வாரத்தில் அது அடங்கிவிடும். அப்படியென்றால் மலையிலிருந்து திரும்பும்போது நண்பரின் உடம்பு சிகரெட் கேட்கவே இல்லை. கேட்டது பதினொரு மணி. கேட்டது டீக்கடை. கஷ்டமான பாதி மலை ஏறுவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்பது அவருக்கே தெரியாது.

இதை நான் சொன்னபோது, போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாலை கழட்ட இன்னும் ஐந்து நாள் இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒரு பழைய கவரின் பின்பக்கத்தில் இருவருமாக எழுதினோம்.

முதல் வேலையாக, கழுத்தில் மாலை இருக்கும்போதே டீக்கடைக்குப் போனார். 'மாஸ்டர், மாலை கழட்டினப்புறமும் எனக்கு சிகரெட் கெடையாது. நானே கேட்டாலும் குடுக்காதீங்க. அப்புறம், என்னை சாமின்னே கூப்பிடுங்க' என்றார். மாஸ்டர் யோசித்துவிட்டு, 'சாமின்னு கூப்பிட்டா எப்படிங்க சிகரெட் குடுக்க முடியும்?' என்றார். அதே!

பதினொரு மணிக்கு சீட்டை விட்டு எழுந்தால் கால் தெருவுக்கு இறங்கக்கூடாது, மூன்றாவது மாடி கேன்டீனுக்கு ஏற வேண்டும் என்று எழுதினோம். கேன்டீன் காபி படுமட்டம். இருந்தாலும் பிராயச்சித்தமாக இருக்கட்டும் என்றார். வீட்டில் ராத்திரி சிகரெட்டுக்கு ஒதுங்குகிற இடம் மொட்டை மாடி. அதன் சாவியை ஆறாவது படிக்கிற மகளிடம் ஒப்படைத்தார். அந்தப் பெண் பேங்க் மேனேஜர் மாதிரி, 'எதுக்கு? எவ்ளோ நேரம்?' என்று கேட்டுவிட்டுத்தான் தருமாம். 'இனி வாழ்நாள் முழுக்க' என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிட்டோம். இன்னும் ஒரே ஒரு மண்டலம். சபரிமலைக் கணக்கில் 41, ஊர்க் கணக்கில் 48. இவர் தாராளமாக 48 என்றார். அது முடிந்தால் அடுத்த 48.

அறுபத்தோராவது நாள் மைத்துனர் கல்யாண ரிசப்ஷனில் ஒன்று பிடித்துவிட்டார். திங்கட்கிழமை முகம் தொங்கிப்போய் வந்தார். 'எல்லாம் போச்சு சார். இனிமே அடுத்த கார்த்திகைதான்.'

'அறுபத்தொண்ணுல ஒண்ணு போனா எவ்வளவு?' என்றேன்.

'அறுபது.'

'பின்னே எல்லாம் எங்கே போச்சு?'

21 நாள் செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். அதன் மூலம் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்கிற பிளாஸ்டிக் சர்ஜன் 1960-ல் எழுதிய புத்தகம். ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்றார். மூக்குக்குச் சொன்னதை நாம் மூளைக்கு எடுத்துக்கொண்டோம். 2009-ல் லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் பார்த்தபோது, பழம் சாப்பிடுவது, ஓடுவது மாதிரி ஒரு பழக்கம் தன்னிச்சையாகப் படிய சராசரி 66 நாள் ஆனது. ஒருவருக்கு 18, இன்னொருவருக்கு 254 என்கிற கணக்கு. நடுவில் ஒரு நாள் தவறினால் குடி முழுகவில்லை என்பதும் அதே ஆராய்ச்சியில்தான். ஒரு பழக்கத்தை விடுவதற்கு வேறு கணக்கு இருக்கலாம். ஆனாலும் 60-ஐப் பூஜ்யம் என்று எழுத எந்த ஆடிட்டரும் சம்மதிக்க மாட்டார்.

தேதி? ஜனவரி 1 என்பது மகா மோசமான தேதி என்பது என் கட்சி. முந்தின நாள் ராத்திரி இரண்டு மணி வரை பெசன்ட் நகர் பீச்சில் கத்திவிட்டு, காலை ஐந்து மணிக்கு எழுந்து யோகா செய்வது மனித ஜாதிக்குச் சாத்தியமில்லை. 2014-ல் டாய், மில்க்மேன், ரீஸ் என்ற மூவர், வாரம், மாதம், கல்லூரிப் பருவம் இவற்றின் தொடக்கத்திலும் பிறந்த நாளுக்குப் பிறகும் ஜிம்முக்குக் கூட்டம் கூடுவதைக் காட்டினார்கள். 21-வது பிறந்த நாள் மட்டும் விதிவிலக்கு. அமெரிக்காவில் சட்டப்படி குடிக்கலாம் என்கிற வயது அது! நமக்குத் தேதிக்கா பஞ்சம்? போகி இருக்கிறது, ஏப்ரல் 1 நிதியாண்டு இருக்கிறது, விஜயதசமி இருக்கிறது. 2008-ல் தை 1-தான் தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் போட்டு, 2011-ல் அதை எடுத்துவிட்டுச் சித்திரைக்கே திரும்பியதில், சந்தேகத்தின் பலனாக இரண்டையுமே வைத்துக்கொள்ளலாம்.

சிகரெட் பார்ட்டிகளுக்கு மட்டும் தனியாக ஒன்று. பாக்கெட்டில் படத்துக்குக் கீழே 1800-11-2356 என்று ஒரு இலவச நம்பர் போட்டிருக்கும். விடுவதற்கு உதவுகிற அரசாங்க நம்பர். பாக்கெட்டை எத்தனையோ தடவை கையில் எடுத்திருப்பீர்கள், ஒரு தடவை போனையும் எடுங்கள். விட்டு ஒரு வருஷம் ஆனால், இதய நோய் வரும் அபாயம் தொடர்ந்து பிடிக்கிறவருக்கு இருப்பதில் சுமார் பாதியாகிவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நண்பர் இந்தத் தகவலைத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருக்கிறார். பக்கத்தில் அவருடைய அப்பா போட்டோ.

போன வருஷம் அவர் மொத்தம் பிடித்தது மூன்று. மைத்துனர் கல்யாணத்தில் ஒன்று, இன்க்ரிமென்ட் நிறுத்திவைத்த அன்று இரண்டு. மனைவி மறுபடியும் திட்ட ஆரம்பித்திருக்கிறாராம், வேறு விஷயங்களுக்கு. இந்தக் கார்த்திகையும் மாலை போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். மாஸ்டர் பால் ஆற்றிக்கொண்டே ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறார்:

'என்ன சாமி, போன வருஷம் போட்டதையே இன்னும் கழட்டலையா?'