நடாலின் நரம்பு நமக்கு எதுக்கு?

முதல்லயே சொல்லிர்றோம். வாரத்துக்கு ஒருநாளோ ரெண்டு நாளோ டெனிஸ் விளையாடுற ஒருத்தருடைய ரக்கெட்டில் முழுக்க முழுக்க பொலியஸ்டர் நரம்பு போடுவது வீண் செலவு. பதினாலு வயசுப் பிள்ளையின் ரக்கெட்டில் அதையே போட்டால் அது வீண் செலவு மட்டுமில்ல, அநியாயம். இதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போறோம். கோபம் வர்றவங்க கடைசி வரைக்கும் வாசிச்சிட்டுக் கோபப்படுங்க.

"மாத்தளையில டெனிஸா?" என்று சிரிக்கிறவங்களுக்கும் ஒரு பதில் இருக்கு. டெனிஸ் பந்து எங்களுக்குப் புதுசில்ல. மாத்தளை டவுனிலும் ரத்தோட்டையிலும் உக்குவளையிலும் அதை வைச்சு சொஃப்ட்போல் கிரிக்கெட் ஆடித்தான் எல்லாரும் வளர்ந்தோம். அந்தப் பந்து எந்த விளையாட்டுக்காகச் செய்யப்பட்டதோ அந்த விளையாட்டுத்தான் நமக்குத் தூரம். ஏன் தூரம் என்பதும் தெரிஞ்ச கதை. மலையகத்துக்கு டெனிஸ் வந்தது துரைமாரோட. பங்களா முற்றத்திலும் பிளான்டர்ஸ் கிளப்பிலும் கோட் இருந்துச்சு. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியா தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடந்தே வந்த எங்கள் பூட்டன்மாருக்கு அந்தக் கோட்டில் இடம் இருக்கல. இன்னைக்கு நாங்கள் ஒரு சீமெந்துக் கோட்டில், யாரோ விளையாடி முடிச்ச ரக்கெட்டோட இறங்குறோம். அதனால்தான் அந்த ரக்கெட்டில் என்ன நரம்பு இருக்கு என்பது எங்களுக்குச் சின்ன விஷயமில்ல.

நம்ம பக்கம் இன்னும் "கட் போடுறது" என்றுதான் சொல்றோம். கட் என்றால் குடல். ஒரு காலத்தில் ஆட்டுக் குடல், பிறகு மாட்டுக் குடல். பிரான்சில் லியோன் நகரத்து பபொலா கம்பனி 1875 இல் டெனிஸுக்கு நரம்பு செய்யத் தொடங்கினதும் குடலில்தான். 1960, 1961 என்று ரெண்டு வருஷம் தொடர்ச்சியா விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன நம்ம தமிழன் ராமநாதன் கிருஷ்ணன் விளையாடின காலத்தில் ரக்கெட் மரம், பெரிய ஆட்டக்காரர்களுடைய நரம்பு குடல். பிறகு நைலோன் வந்துச்சு, கடைசியா பொலியஸ்டர். சொல் மட்டும் மாறல, உள்ள இருக்கிற சாமான் மாறிட்டு.

பொலியஸ்டர் என்றால் வேற ஒன்னும் இல்ல. 1941 இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடிச்சு, டெரிலீன் என்ற பேரில் நம்ம தாத்தாமாருடைய சேர்ட்டா வந்தது. அம்மாமாருடைய கசங்காத சாரி, சோடாப் போத்தல், எல்லாம் அந்தக் குடும்பம்தான். கசங்காது, அறாது, நீளாது. சாரிக்கு அது நல்ல குணம். பந்தை வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டிய நரம்புக்கும் அது நல்ல குணமா என்பதுதான் கேள்வி.

கட் போடுற கடையில் போய்க் கேட்டால் பதில் ரெண்டே வசனத்தில் வரும். "தம்பி, நடால் போடுறது இதுதான். அறவே அறாது." ரெண்டும் பொய்யில்ல. ரெண்டும் நமக்குப் பொருந்தாது. ஒன்னொன்னா எடுப்போம்.

முதலாவது, சம்பியன்மார் போடுறாங்க என்ற வாதம். 1997 இல் உலகத் தரவரிசையில் 66 ஆவது இடத்தில் இருந்த பிரேசில்காரர் குஸ்தாவோ குவேர்த்தன் பிரெஞ்சு பகிரங்கப் போட்டியை வென்றார். அவருடைய ரக்கெட்டில் இருந்தது பெல்ஜியத்தின் லக்சிலோன் கம்பனி செய்த பொலியஸ்டர் நரம்பு. அதுக்குப் பிறகு ஆட்டமே மாறிட்டு. பந்து முன்னை விடக் கூடுதலாச் சுழன்று, வலைக்கு மேலால உயரப் போய், கோட்டுக்குள்ள சடார் என்று இறங்கத் தொடங்கிச்சு.

இது எப்படி நடக்குது? பந்து நரம்பில் தங்குவது ஒரு செக்கனில் இருநூறில் ஒரு பங்கு நேரம். ரக்கெட்டைக் கீழிருந்து மேலா வேகமா வீசினால் நெடுக்கு நரம்புகள் பக்கமா வழுக்கி, பந்து விடுபடுறதுக்குள்ள உண்டிவில் மாதிரித் திரும்பி வந்து பந்தைச் சுழற்றி விடும். பொலியஸ்டர் ஒன்றோடொன்று உரசும்போது நல்லா வழுக்கும். அதுதான் அதன் ரகசியம். 1977 இல் இதே தத்துவத்தில் "ஸ்பகெட்டி" ரக்கெட் என்று ஒன்று வந்துச்சு. அதை வைச்சு விளையாடின நஸ்டாசேயிடம் ரெண்டு செட் தோற்ற விலாஸ், ஆட்டத்தைப் பாதியில் விட்டுட்டு வெளியே நடந்தார். களிமண் தரையில் அவர் தொடர்ந்து வென்ற 53 ஆட்டங்களின் கதை அங்கேயே முடிஞ்சுச்சு. அடுத்த வருஷம் சர்வதேசச் சம்மேளனம் அந்த ரக்கெட்டைத் தடை செய்தது. இருபது வருஷம் கழிச்சு, சட்டத்துக்கு உட்பட்டே நரம்பை வழுக்க வைச்சது பொலியஸ்டர்.

இப்போ கவனிங்க. நரம்பு வழுக்கித் திரும்பணும் என்றால் அதை இழுத்துத் தள்ளுற அளவுக்கு வீச்சில் வேகம் வேணும். நடாலுடைய கைக்கு அது இருக்கு. வேலை முடிஞ்சு பின்னேரம் ஐந்து மணிக்கு வந்து, இருட்டுறதுக்குள்ள ஒரு செட் ஆடுற நமக்கு எத்தனை பேருக்கு இருக்கு? நாங்கள் தள்ளி விடுற பந்துக்கு நரம்பு அசையாது. சுழற்சி வராது, விறைப்பு மட்டும் கைக்கு வரும். நடாலுடைய நரம்பை வாங்கலாம், நடாலுடைய முன்னங்கையைக் கட்டணம் கட்டி எடுக்க முடியாது.

இன்னொன்னு. சம்பியன்மாரைக் காட்டி விற்கிறவங்க சம்பியன்மார் செய்றதை முழுசாச் சொல்றதில்ல. ஃபெடரர் நெடுக்கில் குடல் நரம்பும் குறுக்கில் மட்டும் பொலியஸ்டரும் போட்டார். ஜோகோவிச்சும் அப்படியே. செரீனாவும் அப்படியே. உலகத்தில் எந்த நரம்பையும் எடுக்கக்கூடிய வசதி உள்ளவங்க பாதி ரக்கெட்டைக் குடலுக்கு விட்டிருக்காங்க. மீதிப் பேர் முழுப் பொலி போட்டாலும், அதை எவ்வளவு நேரம் வைச்சிருக்காங்க? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதுசாப் போட்ட ரக்கெட்டுகள் பையில் வரிசையா இருக்கும். பந்து மாத்தும்போதே ரக்கெட்டையும் மாத்துறவங்க நிறையப் பேர். அதாவது அவங்க பொலியஸ்டரைச் சாக விடுறதே இல்ல.

இதிலிருந்து ரெண்டாவது வாதத்துக்கு வர்றோம். அறாது. இதுதான் பலமான வாதம் என்று ஒத்துக்கிறோம். காசு இல்லாதவனுக்கு அறாத நரம்பு வரப்பிரசாதம் மாதிரித் தெரியும். 2022 இல் டொலர் ஒன்று 200 ரூபாவிலிருந்து சில மாசத்துக்குள்ளேயே 360 அளவுக்குப் போன நாட்டில், வெளியில இருந்து வர்ற நரம்பை ஒரு தரம் போட்டால் வருஷக் கணக்கா நிக்கணும் என்று நினைக்கிறதில் தப்பில்ல.

ஆனா அறாமல் இருக்கிறது வேற, உயிரோட இருக்கிறது வேற. பொலியஸ்டர் மற்ற நரம்புகளை விட வேகமா இழுவையை இழக்கும். 52 இறாத்தலில் போட்ட நரம்பு மறுநாளே அந்த 52 இல் இருக்காது. விளையாட விளையாட நெடுக்கும் குறுக்கும் ஒன்றையொன்று அறுத்து வெட்டு விழும். வெட்டில் மாட்டின நரம்பு வழுக்காது. வழுக்காட்டி சுழற்சியும் போச்சு. அதோட நீண்டு நீண்டு துள்ளலை இழந்து, வெறும் கம்பியாக் கிடக்கும். கட் போடுறவங்களே பொதுவாச் சொல்ற கணக்கு, பத்து முதல் இருபது மணித்தியால விளையாட்டு. வாரத்துக்கு ரெண்டு மணித்தியாலம் ஆடுறவர் இதைச் சரியாச் செய்யணும் என்றால் வருஷத்துக்கு ஐந்து தொடக்கம் பத்துத் தரம் நரம்பு மாத்தணும். யார் மாத்துறா? யாரும் இல்ல. அறாததால மாத்துறதே இல்ல. நைலோன் அறுந்து போய், "என்னை மாத்து" என்று வாய் விட்டுச் சொல்லும். பொலியஸ்டர் செத்த பிறகும் உயிரோட இருக்கிற மாதிரியே முறைச்சிட்டு இருக்கும்.

இதில் பெரிய அடி வாங்குறவங்க புதுசா வாங்குறவங்க இல்ல. கனடா மாமா அனுப்பின ரக்கெட், கொழும்பில் பழசா வாங்கின ரக்கெட், கோச் இரக்கப்பட்டுக் கொடுத்த ரக்கெட், இதெல்லாம் வரும்போதே எத்தனையோ வருஷத்துப் பொலியஸ்டரோட வரும். பார்க்க நல்லா இருக்கும். ஒரு நரம்பும் அறுந்திருக்காது. அந்தச் செத்த நரம்பில்தான் நம்ம பிள்ளைகள் டெனிஸ் பழகுறாங்க. பந்து எங்கே போகும் என்று தெரியாமல் தடுமாறி, தனக்குத்தான் விளையாட வராது என்று முடிவு கட்டி, பேசாமல் கிரிக்கெட்டுக்குத் திரும்பிப் போறாங்க.

இனி கை. விறைச்ச நரம்பில் பந்து தங்குற நேரம் குறையும், அதிர்ச்சியின் உச்சம் கூடும். அது ரக்கெட் வழியா முழங்கைக்கு வரும். "டெனிஸ் எல்போ"வுக்கு நரம்பு மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டோம். பந்துக்குப் பிந்தி, மணிக்கட்டால் அடிக்கிற பேக்ஹேண்ட், கையளவுக்குப் பொருந்தாத பிடி, திடீரென்று கூட்டின விளையாட்டு நேரம், எல்லாம் சேர்ந்துதான் அது வரும். ஆனா ஏற்கனவே நொந்த கையில் விறைச்ச நரம்பைக் கொடுக்கிறது எந்த நியாயம்? நரம்புக்கு நடுவில் சொருகுற ரப்பர்ப் பொத்தான் காப்பாத்தும் என்று நம்பாதீங்க. அது சத்தத்தைத்தான் அடக்கும், கைக்கு வர்ற அதிர்ச்சியை இல்ல.

அந்த வருத்தத்தின் பேரே ஒரு வேடிக்கை. அது வர்றவங்களில் பெரும்பாலானவங்க டெனிஸே விளையாடாதவங்க. திரும்பத் திரும்பப் பிடிச்சு, முறுக்கி, தூக்கி வேலை செய்றவங்களுக்கு வர்ற நோவு அது. 1880களில் இங்கிலாந்தின் புல்வெளியில் விளையாடின கனவான்களுக்கு வந்ததால அவங்க பேரில் நிக்குது. கொழுந்து பறிக்கிற கை, ஸ்பேனர் பிடிக்கிற கை, காமென்ட்டில் மெஷின் ஓட்டுற கை, இதெல்லாம் அந்த நோவை அறிஞ்ச கைகள். எங்கள் கூட்டத்தில் பின்னேரம் ரக்கெட் பிடிக்கிற அதே கைதான் காலையில் சம்பளத்துக்குப் போகுது. நடாலுக்குக் கை நொந்தால் பக்கத்தில் வைத்தியர் இருப்பார். நமக்குக் கை நொந்தால் நாட்சம்பளம் போகும். ஆகவே இது ரசனை பற்றின சண்டையில்ல.

அப்போ என்ன போடுறது? குடல் நரம்பு கைக்கு ரொம்ப நல்லது. ஆனா விலை கூட, ஈரம் ஆகாது. மாத்தளையின் மழைக்கும் அதுக்கும் ஒத்துவராது. நமக்கு உரியது நைலோன். சாதாரண "சிந்தெட்டிக் கட்" போதும். கொஞ்சம் காசு இருந்தால் நூற்றுக்கணக்கான இழைகளை முறுக்கிச் செய்ற மல்டிஃபிலமென்ட். 1.30 மில்லிமீற்றர் தடிப்பு, 50 இறாத்தலுக்கு முன்பின்னாக இழுவை, அவ்வளவுதான். வாரத்துக்கு ரெண்டு நாள் விளையாடுறவருக்கு வருஷத்துக்கு ரெண்டு மூணு தரம் மாத்தினால் காணும். தனித்தனிப் பைக்கற் வாங்காமல் 200 மீற்றர் சுருளா வாங்கினால், ரக்கெட்டுக்கு 12 மீற்றர் என்று வைச்சு 16 ரக்கெட்டுக்குப் போடலாம். சீட்டுப் பிடிச்சுத் தையல் மெஷின் வாங்கின ஊர் இது. எட்டுப் பேர் சேர்ந்து ஒரு சுருள் வாங்க முடியாதா?

"நான் வேகமா அடிக்கிறவன், நைலோன் ரெண்டு கிழமைக்கு மேல நிக்காது" என்கிறவங்களும் இருக்காங்க. உண்மையிலேயே ரெண்டு கிழமைக்கு ஒருக்கா அறுக்கிறவருக்குப் பொலியஸ்டரில் நியாயம் இருக்கு. அவர் நெடுக்கில் பொலி, குறுக்கில் நைலோன் என்று கலந்து போடட்டும். இழுவையை நாலைந்து இறாத்தல் குறைக்கட்டும். மணித்தியாலத்தைக் கணக்கு வைச்சு, அறாட்டியும் வெட்டி எறியட்டும். வருஷத்துக்கு ஒரு நரம்பு கூட அறுக்காதவர் அவரைப் பார்த்து வாங்குறதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

கட் போடுற அண்ணாமாரிடம் ஒரு வேண்டுகோள். நரம்பை எடுத்து நீட்டுறதுக்கு முன்னால மூணு கேள்வி கேளுங்க. வயசென்ன, வாரத்துக்கு எத்தனை நாள், கடைசியா எப்போ நரம்பு அறுந்துச்சு. கோச்மாரே, பிள்ளையின் ரக்கெட்டில் பொலியஸ்டர் இருந்தால் முதல் வேலையா அதை மாத்தச் சொல்லுங்க. வெளிநாட்டிலிருந்து பழைய ரக்கெட் அனுப்புற மாமாமாரே, அத்தைமாரே, உங்களுக்கு நன்றி. அனுப்புறதுக்கு முன்னால கத்தரிக்கோலால் பழைய நரம்பை நடுவிலிருந்து வெட்டிடுங்க, முடிஞ்சால் ஒரு பைக்கற் நைலோனையும் பையில் போட்டு விடுங்க.

வாசிக்கிற நீங்கள் இன்னைக்கே ரக்கெட்டை எடுத்துப் பாருங்க. நெடுக்கு நரம்பு ஒன்றை விரலால் பக்கமாத் தள்ளி விடுங்க. தானாத் திரும்பி வராமல் தள்ளின இடத்திலேயே நின்றால், அதுக்குள்ள சுழற்சியும் இல்ல, நடாலும் இல்ல. வெட்டி எறிங்க.